மாரி என்னும் பெயர்

சென்ற தவணை முடிவதற்குச் சில நாள் முன்னர், பத்தாந் தரத்திற் பயிலும் மாணவி ஒருத்தி படிவம் ஒன்றைக் கையிற் கொண்டு என்னிடம் வந்தாள். மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் தமிழ் கற்பித்து வருகின்றேன். அவள் பெயர் முத்துமாரி. பிறப்புப் பதிவிலுள்ள பெயரை மாற்றுதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்குரிய விண்ணப்பம் அது. பழைய பெயருக்குரிய கட்டம் நிரப்பப்பட்டிருந்தது. புதிய பெயருக்குரிய கட்டம் வெறுமையாய்க் கிடந்தது.

“நல்ல பெயராக ஒன்று நீங்களே சொல்லுங்கள், ஐயா” என்றாள்.

இருக்கும் பெயருக்கு என்ன குறை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “தோட்டத்துப் பெயர் என்கிறார்கள், ஐயா” என்றாள். மெல்ல மெல்லச் செய்தி வெளிவந்தது. பட்டணத்துப் பள்ளியொன்றில் நடந்த பேச்சுப் போட்டியில் அவள் பெயரை அறிவித்தபோது பின்வரிசையிலிருந்து சிரிப்பொலி எழுந்ததாம். ‘ஆத்தா வருகிறாள், வேப்பிலை கொண்டு வாருங்கள்’ என்று ஒருவன் கூவினானாம். அவள் பேசினாள், இரண்டாம் பரிசும் பெற்றாள். ஆயினும் பரிசு கிடைத்தது அவள் நெஞ்சில் நிற்கவில்லை; சிரிப்பே நின்றது.

சொல்லாராய்ச்சியிற் பழகியவனுக்கு இத்தகைய வேளையில் நா சும்மா இராது. அவளை எதிரில் இருத்திக்கொண்டு, மாரி என்னுஞ் சொல்லின் பெருமையை எடுத்துரைக்கத் தொடங்கினேன்.

மாரி என்பது மழை; மழையைத் தரும் முகில்; மழை பெய்யும் பருவம். பழந்தமிழ் நூல்களிற் பயின்று வருஞ் சொல் அது. கபிலர் தம் நண்பனாகிய பாரியின் கொடைக்கு இணைவைக்கத் துணிந்தது மாரி ஒன்றையே. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, பயன் கருதாது உதவுவோர்க்கு எடுத்துக்காட்டாக நிறுத்தியதும் மாரியையே. புறநானூற்றின் 251, 252ஆம் பாடல்களைப் பாடிய புலவர் பெயர் மாரிப்பித்தியார் என வழங்கும். மாற்பித்தியார் என்னும் பாடமும் உண்டு. அந்நூலின் 367ஆம் பாடல், மூவேந்தரும் ஒருங்கிருப்பக் கண்டு ஔவையார் பாடியது. அம்மூவருள் சேரன் பெயர் மாரிவெண்கோ. முடியுடை வேந்தன் ஒருவன் பெருமையோடு தாங்கிய சொல்லை அன்றோ அந்தப் பின்வரிசைச் சிறுவன் நகைத்தான்!

நூலை விட்டு நாட்டு வழக்கிற்கு வந்தாலும் இச்சொல் இறந்துபடவில்லை. யாழ்ப்பாணத்தார் இன்றும் ஆண்டினை மாரிகாலம், கோடைகாலம் என்றே பகுத்து வழங்குவர். ஓயாது பேசுவோனை மாரித் தவளை என்று கடிந்துகொள்வர். பருவத்துக்கு ஆகும்போது தமிழாயிருக்கும் சொல், தோட்டத்துப் பெண்ணொருத்திக்குப் பெயராகும்போது மாத்திரம் இழிசொல் ஆவது எங்ஙனம்?

இவ்வாறெல்லாம் கூறி முடித்து, அவள் முகம் மலரும் என எதிர்நோக்கினேன். அவளோ சற்று நேரம் யோசித்துவிட்டு, “அந்த அரசனுக்கு இந்தப் பெயர் இல்லாதிருந்தால், இது கூடாத பெயராகிவிடுமா, ஐயா?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தோன்றவில்லை. மணி அடித்தது, அவளும் போய்விட்டாள். அந்த வினா என்னுடன் வீடு வரை வந்தது. நான் கூறியவை யாவும் உண்மையே. ஆயினும் முழு உண்மையைக் கூறினேனல்லேன். மாரி என்னும் பெயரின் ஒரு பாதியை எடுத்துக் காட்டி, மற்றைப் பாதியை மறைத்துவிட்டேன்.

மறைத்த பாதி இது. வடமொழியிலும் மாரி என்றொரு சொல் உண்டு. அது சாவையும் கொள்ளை நோயையும் குறிப்பது. மாரியம்மன் என்னும் திருப்பெயரில் உள்ளது தமிழ் மாரியோ வடமொழி மாரியோ என்று அறிஞர் வாதிடுவர். தமிழ்ப்பற்று மிக்கார் மழையென்றே சாதிப்பர். நானும் அவ்வாறே மாணவர்க்கு உரைத்து வந்தவன். ஆனால் அம்மனை வழிபடும் மக்கள் அவளை மழைக்காக மாத்திரம் வேண்டினாரல்லர். பெரியம்மை கண்ட வீட்டிலே, ‘நோய்’ என்னுஞ் சொல்லை வாயால் எடுக்கவும் அஞ்சினர். ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்றனர். ‘தாய் வந்திருக்கிறாள்’ என்றனர். உடலெங்கும் எழுந்த கொப்புளங்களை ‘முத்து’ என்றனர். முத்துமாரி என்னும் தொடரை முத்துப் போன்ற மழை என்று உவமைத் தொகையாக விரித்தல் இலக்கணத்துக்கு ஒக்கும். ஆனால் அப்பெயரை இட்ட தாய்மார் நினைவில் இருந்த முத்து கடல் முத்து மாத்திரமன்று. அது பிள்ளையின் முகத்தில் எழுந்த முத்துமாகும்.

இரண்டனுள் எது மெய்ப்பொருள்? எதுவொன்றையும் தள்ளுதல் ஆகாது என்பதே என் துணிபு. இவ்விரண்டும் தமிழர் உள்ளத்தில் இன்று நேற்றுக் கலந்தவையல்ல. சிலப்பதிகாரத்தின் முன் நிற்கும் உரைபெறு கட்டுரையைப் பாருங்கள். கண்ணகி மதுரையை எரித்த பின்னர்ப் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன. குரு என்றது கொப்புள நோயை. வெற்றிவேற் செழியன் நங்கைக்குச் சாந்தி செய்தபின் மழை பெய்தது, நோயும் நீங்கிற்று. பெண்ணொருத்தியின் துயர், மழை இன்மை, கொப்புள நோய் ஆகிய மூன்றும் அங்கே ஒரே முடிச்சில் விழுந்திருக்கின்றன. கோடையில் நீர் வற்றும்போது அம்மை பரவும், மழை வந்து மண் குளிர்ந்தால் தணியும் என்பது மக்கள் கண்ட கண்கூடு. ஆகவே நோயைத் தருபவளும் மழையைத் தருபவளும் ஒருத்தியே என்று கொண்டனர்.

அந்த உரைபெறு கட்டுரையிலேயே இலங்கைக் கயவாகு மன்னனும் பத்தினிக்குக் கோட்டம் எடுத்தவனாகப் பேசப்படுகின்றான். இந்நாட்டுச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தை இன்றும் வணங்குகின்றனர். அம்மை நோயை ‘அம்மாவருங்கே லெட’, அதாவது தாய்மாரின் நோய், என்றே வழங்குகின்றனர். அச்சத்தைத் தாய் என்று விளித்து ஆற்றிக்கொள்ளும் இவ்வழக்கம் இரு மொழியாருக்கும் பொதுவாய் இருத்தலை நோக்குக.

இனி, இப்பெயர் மாத்தளைக்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களே அவர்களுட் பெரும்பாலோரின் ஊர். மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை அடைந்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். தலைமன்னாருக்கு வந்தது 1914இல். அதற்கு முன்னரெல்லாம் காலே கதி. நீர் இல்லாமற் சிலர், வாந்திபேதியாற் சிலர், அம்மையாற் பலர் வழியிலே விழுந்தனர். விழுந்தவரை விட்டு நடப்பதன்றி உடன் வந்தோர்க்கு வேறு வகை இருந்ததில்லை.

நீரின்மையும் கொப்புளமும் ஆகிய இரண்டு சாவுகளுக்கிடையே நடந்தவர் நாவில் எந்தப் பெயர் இருந்திருக்கும்? சமயபுரத்திலும் புன்னைநல்லூரிலும் அவர்கள் விட்டுவந்த தெய்வத்தின் பெயரே. காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்த ஊரில் ஒரு மரத்தடியிலே அவளை நிறுவினர். அதுவே பின்னர் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலாயிற்று. இன்று மாசி மகத்தில் ஐந்து தேர்கள் அவ்வூர் வீதியில் ஓடுகின்றன. தமிழ்த் தொழிலாளர் சென்ற பிற நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. சிங்கப்பூரில் 1827இலும் கோலாலம்பூரில் 1873இலும் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்தது. கோயில் எழுவதற்கு முன்னமே பெண் குழந்தைகளுக்குப் பெயர் எழுந்திருக்கும் என்பது என் எண்ணம். கோயிலுக்குக் கல்லும் பொருளும் வேண்டும். பெயருக்கு வாய் ஒன்றே போதும்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றையும் கூறாமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை.

என் தாயார் பெயர் மாரியாயி. கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவர். தோட்டத்துச் செக்ரோலில் அவர் மாரியாயி. பிரசாவுரிமைப் பத்திரத்தில் மாரியம்மா. இன்னொரு கடதாசியில், ஆங்கில எழுத்தில் எழுதிய எழுதுவினைஞர் ஒருவரின் கைப்பிழையால், மேரி. ஓய்வுக்காலப் பணம் பெறச் சென்ற இடத்தில் இம்மூவரும் ஒருவரே என்று நிறுவும்படி கேட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. எஞ்சி நின்ற நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை தந்தது. இத்தனை காலமும் ஒருவர் இன்னார் என்பதற்குச் சான்றாய் நின்றது கடதாசியில் உள்ள பெயர். அந்தப் பெயரைச் செவ்வனே எழுதுதற்குத்தான் எவர்க்கும் பொழுது இருந்ததில்லை.

1983ஆம் ஆண்டு யூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயின. நான் அப்போது பள்ளிச் சிறுவன். செய்தி தோட்டத்துக்கு எட்டிய இரவு, அம்மா ஒன்றும் பேசவில்லை. வேப்பிலைக் கொத்தொன்றை முறித்து வந்து லயத்து வாசலிற் செருகிவிட்டு, எங்களை உள்ளே இருத்திக் கதவைச் சாத்தினார். பெயருக்குரியவளை அவர் அன்று கைவிடவில்லை.

கைவிட்டவன் நான். எனக்குப் பெண் பிறந்தபோது அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “என் பேரு இவளுக்கு இருக்கட்டுமேய்யா” என்றார். நான் அப்போது பண்டிதர் பட்டம் பெற்ற புதிது. காவியங்களைப் புரட்டிப் பொருள் நயம் வாய்ந்த பெயரொன்றைத் தேர்ந்து வைத்திருந்தேன். “அது பழைய பெயர், அம்மா, பள்ளிக்கூடத்திற் பிள்ளைக்குச் சங்கடம்” என்று கூறிவிட்டேன். அவர் மறுத்துரைக்கவில்லை. பேத்தியை நான் இட்ட பெயராலேயே இறுதிவரை அழைத்தார். அந்த வடமொழிப் பெயரிலுள்ள கூட்டெழுத்து அவர் நாவில் ஒருநாளும் சரிவர வந்ததில்லை. தம் பேத்தியின் பெயரைத் தம்மாற் சொல்ல இயலாதபடி ஒரு தாய்க்குச் செய்தவன் இன்று, மாரி என்பது மழை, அரசன் பெயர், புலவர் பெயர் என்று மாணவிக்கு உபதேசிக்கிறேன்! நானும் அந்தப் பின்வரிசையில் இருந்து சிரித்தவனே. ஓசை வெளிவரவில்லை, அவ்வளவே.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றுண்டு, அது தள்ளத்தக்கதன்று. ‘பெயர் மாறுதல் காலத்தின் இயல்பு. நேர்முகப் பரீட்சையிற் பெயரைக் கேட்டவுடனே தோட்டத்தார் என்று எடைபோடும் உலகில், ஒரு பெண் அச்சுமையை ஏன் சுமக்கவேண்டும்? மரபைக் காக்கும் பாரத்தை அவள் தலையில் வைப்பவர் அவள் படும் அவமானத்திற் பங்கு கொள்வாரோ?’ என்று கேட்பர். நியாயமான கேள்வி. மேலும், மாற்றியே தீரவேண்டிய பெயர்களும் உண்டு. பெண் குழந்தை அடுத்தடுத்துப் பிறந்த சலிப்பில் இடப்பட்ட ‘போதும்பொண்ணு’ என்னும் பெயரைத் தாங்கிய பெண்ணொருத்தி அதனைக் களைய விரும்பினால், அந்தப் படிவத்தை நானே எழுதிக் கொடுப்பேன்.

ஆனால் இவ்விரண்டு பெயரும் ஒரு தரத்தனவல்ல. போதும்பொண்ணு என்னும் பெயரில் இகழ்ச்சி பெயரின் உள்ளேயே இருக்கிறது. இட்டவரே அதனை வைத்தனர். மாரி என்னும் பெயரிலோ இட்டவர் வைத்தது அன்பும் நேர்த்தியும். இகழ்ச்சியைப் பிறர் பின்னர்க் கொணர்ந்து ஒட்டினர். முன்னையதைக் களைதல் காயத்துக்கு மருந்திடுதல் போலாம். பின்னையதைக் களைதலோ, சேற்றை எறிந்தவனை விட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி எரித்தல் போலாம். பெயரை மாற்றியபின் சிரித்தவன் சும்மா இருப்பான் என்பதற்கும் உறுதியில்லை. அவன் அடுத்து ஊரைக் கேட்பான். ஊரை மறைத்தால் தந்தையின் தொழிலைக் கேட்பான். எத்தனையைத்தான் மாற்றுவது?

மறுநாள் அம்மாணவியை அழைத்து, நான் மறைத்த பாதியையும் என் தாயின் கதையையும் ஒளியாமற் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு விடையும் சொன்னேன். மாரிவெண்கோ என்றொரு சேரன் இல்லாதிருந்தாலும் இது கூடாத பெயர் ஆகாது. அரசன் தாங்கியதால் இதற்குக் கிடைக்கும் பெருமை சிறிது. சாவின் பெயராக அஞ்சிய ஒன்றைத் தாய் என்று அழைக்கத் துணிந்து, அதையே தம் பெண் மக்களுக்குச் சூட்டி, அம்மக்களின் உழைப்பினால் இம்மலைகளைப் பசுமையாக்கிய எளிய மனிதராலேயே இதற்குப் பெருமை. 1980இல் பெரியம்மை உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அந்நோய் போயிற்று, அச்சமும் போயிற்று. அதனைத் தாங்கிக் கடந்தவரின் நினைவாகப் பெயர் ஒன்றே எஞ்சியிருக்கிறது. இவ்வளவும் கூறிய பின், “மாற்றுவதும் விடுவதும் உன் உரிமை, பிள்ளை. எதைச் செய்தாலும் நான் கையெழுத்திடுவேன். சிரித்தவனுக்காக மாத்திரம் மாற்றாதே” என்றேன்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பதிவாளர்க்கும் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. பெற்றோரே, பிள்ளைக்கு எப்பெயரையும் சூட்டுங்கள். ஆனால் வீட்டிலுள்ள கிழவியின் நாவுக்கு அது வருமா என்று ஒருமுறை சொல்லிப்பார்க்கச் செய்யுங்கள். ஆசிரியரே, வரவு இடாப்பில் மாரியாயி, காத்தாயி, பேச்சியம்மா என்னும் பெயர்கள் வரும்போது குரலைத் தாழ்த்தியோ குறுநகையோடோ வாசியாதீர்கள். வகுப்பு உங்கள் குரலைப் பார்த்தே சிரிக்கக் கற்கிறது. பதிவாளரே, ஓரெழுத்து நெடிலாயிருப்பதும் வேறாயிருப்பதும் உங்களுக்குச் சிறிது. அந்த ஓரெழுத்துக்காக முதியவர் ஒருவர் எத்தனை முறை பேருந்து ஏறி இறங்கினார் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியிலே மக்கள் மீண்டும் நடந்தனர். வழியை நினைவுகூர்ந்த நாம், அவ்வழியே நடந்து வந்தோரின் பெயர்களை நம் வீட்டுத் தொட்டிலிலிருந்து ஒவ்வொன்றாய் அகற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் நினைத்தல் நன்று.

மூன்று நாள் கழித்து முத்துமாரி மீண்டும் வந்தாள். பழைய படிவம் கையில் இல்லை. தன் கடதாசிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தாளாம். ஆங்கில எழுத்தில் உள்ள ஒன்றில் அவள் பெயரும் முத்துமேரி என்றே இருக்கிறதாம்.

“இதைத் திருத்த வேண்டும், ஐயா. மாரி என்றே இருக்கட்டும்” என்றாள்.

திருத்த விண்ணப்பத்தின் அடியில், சான்றளிப்பவர் இடத்தில், நான் கையெழுத்திட்டேன். அருகே தாயின் பெயரைக் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. அது அவள் தாய்க்கு உரியது; நான் நிரப்புதற்கன்று. ஆயினும் என் கை அவ்விடத்திற் சற்றே தயங்கிற்று.